பழைய சங்கிலி ரம்பத்தை அவசரத்துக்குத் தயார் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்காற்று அடித்து மரங்கள் சாய்ந்த மறுநாள்தான் பலருக்கும் பரணில் கிடக்கும் பழைய ரம்பம் நினைவுக்கு வருகிறது. அன்று இழுத்தால் அது ஓடுவதில்லை. பாதையை அடைத்துக் கிடக்கும் மரத்துக்கு முன்னால், மழையில் நின்றுகொண்டு கார்புரேட்டரைப் பிரிப்பது யாராலும் ஆகிற காரியம் இல்லை. பழைய ரம்பங்களைப் பிரித்துச் சேர்க்கும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வாக்கிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

பரணில் பல வருடங்களாக ஒரு ரம்பம் கிடக்கிறது. அவசரத்துக்கு அதை நம்பலாமா, புதியது வாங்குவதே மேலா?

நம்பலாம். ஆனால் மூன்று விஷயங்கள் கூடி வர வேண்டும். ரம்பம் எகிறும்போது சங்கிலியை உடனே நிறுத்தும் சங்கிலி பிரேக் அதில் இருக்க வேண்டும். அதன் கார்புரேட்டர் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு), பெட்ரோல் குழாய், சங்கிலி, பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு) ஆகிய நான்கும் இன்றும் கிடைக்க வேண்டும். நீங்கள் அதை மாதம் ஒரு முறையாவது ஓட்டிப் பார்ப்பவராக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த ரம்பத்தை ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு வேறொன்று பாருங்கள்.

தொழில்முறை வேலைக்காகச் செய்யப்பட்ட பழைய ரம்பங்கள் உண்மையிலேயே உறுதியானவை. மெக்னீசிய உடல், முழுவதும் பிரித்துச் சேர்க்கக்கூடிய அமைப்பு, கெட்டியான கிராங்க் தண்டு என்று அவற்றில் பழுதுபார்க்க இடம் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு மலிவாக விற்கப்பட்ட பிளாஸ்டிக் உடல் ரம்பங்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் எஞ்சின் போனால் பெரும்பாலும் செலவழிக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

காசு செலவழிக்கும் முன் உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். எஞ்சின் தடையின்றிச் சுழல வேண்டும். இறுகிக் கிடந்தால் பலவந்தம் கூடாது. பிளக் துளை வழியாக டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கொஞ்சம் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து மறுபடி முயலுங்கள். சுழன்றால், சைலன்சரைக் கழற்றுங்கள். இரண்டு மூன்று போல்ட்கள்தான். உள்ளே தெரியும் புகைத்துளையில் டார்ச் அடித்து, கயிற்றை இழுத்து பிஸ்டனை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிஸ்டனின் பக்கவாட்டு வழவழப்பாக, கிடைமட்டமான மெல்லிய கடைசல் கோடுகளுடன் இருந்தால் நல்ல செய்தி. மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடினால் எஞ்சின் ஒரு முறை பிடித்திருக்கிறது, அதாவது பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு உரசி இறுகியிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். ரம்பம் விலைக்கு வாங்கப் போகும்போதும் இதைச் செய்ய அனுமதி கேளுங்கள்.

அடுத்தது அழுத்தம். சைலன்சரையும் பிளக்கையும் திருப்பி மாட்டி, தரையிலிருந்து உயர்த்தி, ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து ரம்பத்தைத் தொங்கவிடுங்கள். நல்ல எஞ்சின் விட்டுவிட்டு, தயங்கித் தயங்கி இறங்கும். நிற்காமல் சரிந்து கீழே போனால் அழுத்தம் இல்லை. அழுத்தமானி இருந்தால் அதில் 150 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டுவது ஆரோக்கியம், 120 வேலைக்கு ஆகும், 100க்குக் கீழே என்றால் குளிரில் ஓடினாலும் சூடான பிறகு கிளம்ப அடம்பிடிக்கும். மானியின் வால்வு பிளக் துளையை ஒட்டிய முனையிலேயே இருக்க வேண்டும். கார்களுக்கான நீண்ட குழாய் மானி, இவ்வளவு சிறிய சிலிண்டரில் குறைத்தே காட்டும். அதை நம்பி நல்ல எஞ்சினைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

பிஸ்டனில் கீறல் தெரிகிறது. கதை முடிந்ததா?

கீறல் விரல் நகத்தில் தட்டுகிறதா என்று பாருங்கள். பார்வைக்கு மட்டும் தெரிந்து நகத்துக்குத் தட்டாத கீறலுடன் பல ரம்பங்கள் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. ஆழமாக இருந்தால் சிலிண்டரைக் கழற்றத்தான் வேண்டும். பல சமயம் சிலிண்டர் கெட்டிருக்காது. பிஸ்டனின் அலுமினியம் உருகி, குரோமியம் அல்லது நிக்கல் பூச்சின் மேல் ஒட்டியிருக்கும். அதை நீக்கிவிட்டு புதிய பிஸ்டன், வளையம் போட்டால் போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தடவி ஒட்டிய அலுமினியத்தைக் கரைக்கும் வழி பரவலாக இருக்கிறது. கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பூச்சில்லாத அலுமினியப் பகுதிகளிலும், வார்ப்பிரும்பு உறை கொண்ட பழைய சிலிண்டர்களிலும் அமிலம் படவே கூடாது.

கீறல் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்காமல் புதிய பிஸ்டன் போடுவது வீண். ஆயில் கலக்காத பெட்ரோல், எங்கோ காற்றுக் கசிவு, தவறான டியூனிங் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். கசிவைப் பற்றியும் டியூனிங் பற்றியும் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பெட்ரோலும் ஆயிலும் கலக்கும் விகிதம் 16:1 என்று தொட்டி மூடியில் பொறித்திருக்கிறது. கடைக்காரர் 50:1 போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் தத்தம் காலத்துக்குச் சரி. 16:1 என்று பொறித்த நாளில் கலந்தது சாதாரண எஞ்சின் ஆயில். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 62 மி.லி.க்கு மேல் ஊற்றினால்தான் அது பேரிங்கைக் காப்பாற்றியது. இன்றைய டூ ஸ்ட்ரோக் ஆயில்கள் அதைவிட வெகுவாக மேம்பட்டவை. புதிய ரம்பங்களுக்கு 50:1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி., தாராளம். பழைய ரம்பங்களுக்கு நான் 32:1க்கு மேல் மெலிதாக்குவதில்லை. லிட்டருக்கு 31 மி.லி. கொஞ்சம் புகை கூடும், சைலன்சரில் கரி சற்று சீக்கிரம் சேரும். பேரிங் மாற்றுவதைவிடக் கரி சுரண்டுவது எளிது.

ஆயில் டப்பாவில் ஜே.ஏ.எஸ்.ஓ. எஃப்.டி. என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். படகு எஞ்சின்களுக்கான ஆயில் வேண்டாம். தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்ட அது, காற்றால் மட்டும் குளிரும் ரம்பத்தின் சூட்டுக்கு ஈடுகொடுக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆயில் விகிதத்தைக் கூட்டினால், அதே அளவு கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது. ஆகவே விகிதம் மாற்றியதும் கார்புரேட்டரை மறுபடி டியூன் செய்ய வேண்டும்.

கலந்து வைத்த பெட்ரோல் எத்தனை நாள் தாங்கும்?

ஒரு மாதம் வரை கவலையில்லை. நிழலான இடத்தில், இறுக மூடிய கலனில், கெடாமல் காக்கும் சேர்மானம் கலந்திருந்தால் இரண்டு மூன்று மாதங்கள். அதற்கு மேல் சந்தேகம்தான். அவசரத்துக்கென்று வருடம் முழுவதும் கலவையை வைத்திருப்பவர்கள், அவசரம் வரும்போது கையில் வைத்திருப்பது வார்னிஷ்தான். நாள் குறித்த சீட்டை ஒட்டி, சிறிய அளவில் கலந்து, தீர்த்துக்கொண்டே இருங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரம்பங்களுக்குத் தனித் தலைவலி. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நீர் அதிகமானால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ரம்பத்தின் உறிஞ்சு குழாயும் அடியில்தான் இருக்கிறது. போதாததற்குப் பழைய ரப்பரையும் அது விறைக்க வைக்கிறது. எத்தனால் இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி: அளவுக் கோடுகள் போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயில் கலக்காத பெட்ரோலை அதன் மேல் ஊற்றி, மூடிக் குலுக்கி, தெளியவிடுங்கள். அடியில் நிற்கும் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் எத்தனால் அதில் சேர்ந்துவிட்டது.

எத்தனாலே இல்லாத ஆல்கைலேட் பெட்ரோல் கலவை டப்பாவிலேயே கிடைக்கிறது. விலை அதிகம். ஆனால் மூடிய டப்பாவில் பல ஆண்டுகள் கெடாது. அவசரத்துக்கென்று ஒதுக்கி வைக்க அதற்கு இணை இல்லை. பல வருடம் சாதாரணப் பெட்ரோலில் ஊறிய பழைய ரப்பர், இதற்கு மாறியதும் சுருங்கிக் கசிவதுண்டு. ஆகவே குழாய்களையும் டயாஃப்ரத்தையும் மாற்றிய பிறகே இதற்கு மாறுங்கள்.

பிளக்கில் பொறி வருகிறது, தொட்டியில் புதுப் பெட்ரோல் இருக்கிறது. இருந்தும் ஓட மறுக்கிறதே?

பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். பலமுறை இழுத்த பிறகும் காய்ந்திருந்தால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. தொட்டிக்குள் இருக்கும் வடிகட்டியை வளைந்த கம்பியால் வெளியே இழுத்து, குழாயைக் கையால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால், விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால், அல்லது விறைத்து முறிந்தால் புதுக் குழாய் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, உறிஞ்சும்போது பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். இத்துடன் தொட்டியின் காற்றுத் துளையையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் ரம்பம் சில நிமிடங்கள் ஓடி நிற்கும், மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும்.

குழாய் நன்றாக இருந்தால் கார்புரேட்டர். ரம்பத்தின் கார்புரேட்டரில் மிதவை கிடையாது. எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக அதில் மெல்லிய டயாஃப்ரம்கள் இருக்கின்றன. ஒன்று, எஞ்சினின் அழுத்த மாற்றத்தால் துடித்து பெட்ரோலை இறைக்கிறது. மற்றொன்று, ஊசி வால்வை அசைக்கும் சிறு நெம்பைத் தள்ளி அளவைக் கட்டுப்படுத்துகிறது. புதிய டயாஃப்ரம் துணிபோல் வளையும். பழையது காய்ந்த சருகுபோல் சலசலக்கும். சலசலத்தால் மாற்றுங்கள். டில்லட்சன், வால்ப்ரோ, ஸாமா என்ற பெயர்களில் ஒன்றும், அருகில் ஒரு மாதிரி எண்ணும் கார்புரேட்டரின் உடலில் பொறித்திருக்கும். ரம்பத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட இந்த எண்ணைச் சொல்லிப் பழுதுபார்ப்புத் தொகுப்பு வாங்குவது நிச்சயமானது. ஒரே மாதிரி ரம்பத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கார்புரேட்டர்கள் வந்திருக்கின்றன.

பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட்டும் டயாஃப்ரமும் இடம் மாறினால் எல்லாம் புதிதாக இருந்தும் ஓடாது. பம்ப் மூடிக்குக் கீழே கடுகளவு துளைக்குள் ஒரு வலை வடிகட்டி ஒளிந்திருக்கும். மரத்தூளும் பழைய பெட்ரோலின் பிசினும் அங்கேதான் சேரும். அதை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நெம்பின் உயரத்தைத் தொகுப்புடன் வரும் தாளில் உள்ளபடி வையுங்கள். துளைகளுக்குள் கம்பி நுழைக்காதீர்கள். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

பொறியே வரவில்லை. காயில் போய்விட்டதா?

பொறியை உண்டாக்கும் காயிலை உடனே குற்றம் சொல்ல வேண்டாம். முதலில் வேறு பிளக், இடைவெளி 0.5 மி.மீ. அடுத்து, நிறுத்து சுவிட்சின் கம்பியைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டுச் சோதியுங்கள். தோல் உரிந்த கம்பி எங்காவது உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால் சுவிட்ச் எப்போதும் அணைந்த நிலையிலேயே இருக்கும். பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

மின்னணுப் பற்றவைப்புக்கு முந்திய ரம்பங்களில் ஃப்ளைவீலுக்கு (காந்தம் பதித்த சுழல் சக்கரம்) கீழே, திறந்து மூடிப் பொறியை வரவழைக்கும் பாயிண்டும் அதற்குத் துணையான கண்டன்சரும் இருக்கும். சும்மா கிடந்த பாயிண்டின் முகத்தில் சாம்பல் நிறப் படலம் பூத்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிறகு சுத்தமான காகிதத்தைச் செருகி இழுத்துத் துடைத்தால் பொறி திரும்ப வருவதைப் பலமுறை பார்க்கலாம். முழுதாகத் திறந்த நிலையில் பாயிண்டின் இடைவெளி பொதுவாக 0.4 மி.மீ. அருகில் இருக்கும், உங்கள் மாதிரிக்குரிய கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மி.மீ.; ஒரு முகவரி அட்டையை இடையில் வைத்துக் காயிலை இறுக்கினால் ஏறக்குறைய வந்துவிடும். ஃப்ளைவீலை மாட்டும் முன், அதைத் தண்டில் சரியான இடத்தில் நிறுத்தும் சாவித்துண்டையும் பாருங்கள். அது நசுங்கியிருந்தால் பொறி வரும், ஆனால் தவறான நேரத்தில் வரும்.

எச், எல் என்று இரண்டு திருகாணிகள். எதை எவ்வளவு திருப்புவது?

எல் மெதுவான ஓட்டத்துக்கு, எச் முழு வேகத்துக்கு. மூன்றாவதாக உள்ள டி திருகாணி, ஐட்லிங் வேகத்தை (விசையைத் தொடாமல் எஞ்சின் ஓடும் வேகம்) மட்டும் மாற்றும். எச், எல் இரண்டையும் மென்மையாக உள்ளே தட்டும்வரை திருப்பி, அங்கிருந்து ஒரு முழுச் சுற்று வெளியே எடுங்கள். பெரும்பாலான ரம்பங்கள் இந்த நிலையில் கிளம்பிவிடும். சில நிமிடம் சூடாக்குங்கள். காற்று வடிகட்டி சுத்தமாக, சங்கிலி கூர்மையாக இருக்கும்போதுதான் டியூனிங் செய்ய வேண்டும்.

எல் திருகாணியை, விசையை (வேகத்தைக் கூட்ட விரலால் அழுத்துவது) அழுத்தியதும் திணறாமல் எழும்பும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு டி திருகாணியால், சங்கிலி அசையாமல் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் அளவுக்கு வேகத்தை இறக்குங்கள். எச் திருகாணியில்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது. அதை உள்ளே திருப்பத் திருப்ப பெட்ரோல் குறைந்து, வேகம் ஏறி, சத்தம் கீச்சென்று தெளிவாகும். அந்தத் தெளிவு பலரை ஏமாற்றுகிறது. பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது என்பதால், கீச்சென்று ஓடும் எஞ்சின் ஆயில் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மரத்தில் வைக்காமல் முழு விசையில் பிடிக்கும்போது சத்தத்தில் ஒரு தடதடப்பு கலந்திருக்க வேண்டும். மரத்தில் இறங்கியதும் அந்தத் தடதடப்பு மறைந்து சீராக வேண்டும். காதுக்கு இது பிடிபடும்வரை எச் திருகாணியைக் கொஞ்சம் அதிகமாகவே வெளியே வைத்திருங்கள். வலு சற்றுக் குறையும், பிஸ்டன் பிழைக்கும்.

எவ்வளவு திருப்பினாலும் நிலைக்கவில்லை, ரம்பத்தைச் சாய்த்தால் ஐட்லிங் மாறுகிறது, விசையை விட்டும் வேகம் இறங்கத் தாமதிக்கிறது என்றால் திருகாணியை விட்டுவிடுங்கள். காற்று எங்கோ கசிகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் கழுத்து, கேஸ்கெட், கிராங்க் தண்டின் இரு சீல்கள் ஆகியவை சந்தேகப் பட்டியல். கசிவை டியூனிங்கால் மறைத்து ஓட்டினால், மூன்றாவது கேள்வியின் கீறல்தான் மிஞ்சும்.

கிளம்ப மறுத்தால் ஈதர் ஸ்பிரே அடிக்கலாமா?

வேண்டாம். அதில் ஆயில் கிடையாது; காய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் உரசும். சோதனைக்காகத்தான் என்றால், கலந்த பெட்ரோலில் சில துளிகளைக் கார்புரேட்டர் வாயில் விடுங்கள்.

குளிரில் நன்றாக ஓடுகிறது. சூடாகி நிறுத்தினால், அரை மணி நேரம் ஆனால்தான் மறுபடி கிளம்புகிறது.

நின்ற அதே நிமிடத்தில் பிளக்கைக் கழற்றிப் பொறியைச் சோதியுங்கள். பொறி இல்லையென்றால் சூட்டில் செயலிழக்கும் காயில் அல்லது கண்டன்சர். பொறி இருக்கிறது, பிளக் நனைந்திருக்கிறது என்றால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. சோக்கைத் திறந்து, விசையை முழுதாக அழுத்திப் பலமுறை இழுங்கள். பொறி இருந்து பிளக்கும் காய்ந்திருந்தால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி நிற்கிறது. மூன்றும் இல்லையென்றால், நான் முன்பு சொன்ன குறைந்த அழுத்தம்.

அவசர ரம்பத்தில் இந்தக் கோளாறை மன்னிக்காதீர்கள். விழுந்த மரத்தில் வேலை என்றால் அரை நிமிடம் வெட்டி, நிறுத்தி, கிளையை இழுத்துப் போட்டு, மறுபடி கிளப்புவதுதான் நாள் முழுக்க. பரிசோதிக்கும்போதும் அப்படியே செய்யுங்கள். ஒருமுறை கிளம்பியதும் சரியாகிவிட்டது என்று பரணில் ஏற்றிவிட வேண்டாம்.

பழைய பாருக்கு எந்தச் சங்கிலி பொருந்தும்?

மூன்று அளவுகள் ஒத்துப்போக வேண்டும்: கணு நீளம், ஓட்டுப்பல்லின் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் பல்) தடிமன், ஓட்டுப்பற்களின் எண்ணிக்கை. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் கணு நீளம் கிடைக்கும். மூன்று ரிவெட்டுகளின் தூரம் 19 மி.மீ. என்றால் அது 3/8 அங்குலச் சங்கிலி; 16.5 என்றால் .325 அங்குலம், 20.5 என்றால் .404 அங்குலம். தடிமன் பெரும்பாலும் 1.3, 1.5, 1.6 மி.மீ.களில் ஒன்று. கிளட்ச் பக்கத்துப் பற்சக்கரமும் அதே கணு நீளத்தில் இருக்க வேண்டும். அதில் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சங்கிலியையும் அது கெடுத்துவிடும். சக்கரத்தை எடுக்கக் கிளட்சைக் கழற்றும்போது நினைவிருக்கட்டும், பெரும்பாலான கிளட்சுகளுக்கு இடது மரை.

மிகப் பழைய ரம்பத்துடன் நேரான, கூரான பற்கள் கொண்ட சங்கிலி வந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். 1946இல் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, மரத்தை இடமும் வலமுமாகக் குடையும் வண்டுப் புழுவைக் கவனித்து, வளைந்த பல்லுள்ள சங்கிலியை வடிவமைத்தார். இன்று உலகம் முழுவதும் ஓடுவது அந்த வழியில் வந்த சங்கிலிகளே. முந்தியவை சுரண்டி எடுத்தன, இவை செதுக்கி எடுக்கின்றன. வேகத்தில் ஒப்பீடே இல்லை.

சங்கிலியை நானே தீட்டலாமா?

தீட்டியே ஆக வேண்டும். சரிந்து மண்ணில் புரண்ட மரத்தை வெட்டும்போது சங்கிலி சில நிமிடங்களில் மழுங்கும். அன்று தீட்டித்தர யாரும் இருக்க மாட்டார்கள். உருட்டு அரத்தின் அளவு சங்கிலியைப் பொறுத்தது. .325க்கு 4.8 மி.மீ., முழு அளவு 3/8க்கும் .404க்கும் 5.5 மி.மீ., தாழ்வான (உயரம் குறைந்த) 3/8க்கு 4 மி.மீ. சங்கிலிப் பெட்டியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதுவே சரி. ரம்பத்தை அணைத்து, பாரை இடுக்கியில் பிடித்து, பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் அரத்தைத் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரம் பல்லில் படக் கூடாது. பல்லின் மேல்தகட்டில் பொறித்திருக்கும் சாய்வுக் கோட்டுக்கு இணையாக, பெரும்பாலும் 30 பாகைக் கோணத்தில் பிடியுங்கள். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரிய வேண்டும். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள். மிகவும் குட்டையான பல்லுக்கு மற்றவற்றைச் சமமாக்குவது சரியான ஒழுங்கு.

பல்லின் வெட்டுமுனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மழுங்கிய முனையில் ஒரு வெள்ளைக் கோடு மின்னும். கூரான முனையில் எதுவும் மின்னாது. அந்தக் கோடு மறையும்வரை தீட்டுங்கள். மூன்று நான்கு முறை தீட்டிய பிறகு, பல்லுக்கு முன்னால் உள்ள ஆழத் தடுப்பைத் தட்டை அரத்தால் இறக்க வேண்டும். 3/8 சங்கிலியில் அது பல்முனையைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருப்பது வழக்கம். இதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். மானித் தகடு வைத்துச் செய்யுங்கள். அதிகம் இறக்கினால் சங்கிலி மரத்தைக் கவ்வி ரம்பத்தை எகிறவைக்கும்.

வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைகிறது. ஏன்?

ஒரு பக்கப் பற்கள் மற்றப் பக்கத்தைவிடக் குட்டையாகவோ மழுங்கியோ இருக்கின்றன. இல்லையென்றால் பாரின் இரு விளிம்புகளும் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருக்கின்றன. பாரைக் கழற்றி, சமதளத்தில் விளிம்பின்மேல் நிறுத்துங்கள். சாய்ந்தால் தட்டை அரத்தால் சமன் செய்யுங்கள். பள்ளத்திலுள்ள தூளைச் சுரண்டி, எண்ணெய்த் துளையையும் திறந்து, சங்கிலி மாற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு பக்கமும் ஒன்றுபோல் தேயும்.

காரிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலைப் பாருக்கு ஊற்றலாமா?

கூடாது. அதில் உலோகப் பொடி இருக்கிறது. அதிவேகச் சங்கிலி அதை உங்கள் கையிலும் முகத்திலும் மண்ணிலும் தெளிக்கும். சங்கிலிக்கென்று விற்கும் ஒட்டும் தன்மையுள்ள எண்ணெய் நல்லது. கிடைக்காத நாளில் புதிய எஞ்சின் ஆயிலோ சமையல் எண்ணெயோ தாற்காலிகமாக உதவும். ஆனால் சமையல் எண்ணெய் நாளடைவில் பசையாக இறுகும் என்பதால் தொட்டியில் விட்டு வைக்காதீர்கள்.

எண்ணெய் வருகிறதா என்று அறிய, பாரின் முனையை ஒரு வெளிர் நிற அட்டைக்கு மேல் தொடாமல் பிடித்து விசையை அழுத்துங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். சில பழைய ரம்பங்களில் கட்டைவிரலால் அழுத்தும் பம்ப் இருக்கும். அதில் வெட்டும்போது அடிக்கடி அழுத்துவது உங்கள் பொறுப்பு.

என்னுடையது மிகப் பழையது. சங்கிலி பிரேக் இல்லை. கவனமாக இருந்தால் போதாதா?

போதாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பாரின் முனையின் மேற்கால்பகுதி எதிலாவது பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் முன் பயன்படுத்துபவரின் தலையை நோக்கி எகிறும். கை தடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற நிறுவனங்கள் சங்கிலி பிரேக்கைக் கொண்டுவந்தது 1970களின் தொடக்கத்தில். அதற்கு முந்திய ரம்பங்களில் பெரும்பாலும் விசைப் பூட்டும், அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கியும், அதிர்வைத் தாங்கும் அமைப்பும்கூட இருக்காது. விழுந்த மரத்தின் கிளைக்குவியலில் பார் முனை எங்கே படுகிறது என்று பார்க்கவே முடியாது. வெட்டுபவரும் தூக்கமின்றிக் களைத்திருப்பார். அப்படிப்பட்ட ரம்பத்தைச் சீராக்குங்கள், ஓட்டுங்கள், நல்ல தாங்கியில் கிடத்திய கட்டையை அறுத்துப் பாருங்கள். புயல் வேலைக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

பிரேக் இருக்கும் பழைய ரம்பத்திலும் அது வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி. பிரேக் பட்டையில் எண்ணெயும் தூளும் அப்பியிருக்கும். மூடியைத் திறந்து சுத்தம் செய்து, பட்டை மெலிந்திருக்கிறதா என்று பார்த்து, முழு விசையில் ஒரு விநாடி பிடித்து முன்கைக் காப்பை மணிக்கட்டால் தள்ளுங்கள். சங்கிலி உடனே நிற்க வேண்டும்.

ஓட்டாமல் வைக்கும்போது தொட்டி காலியாகவா, நிறைந்தா?

சாதாரணப் பெட்ரோல் என்றால் காலி. தொட்டியை வடித்து, தானாக நிற்கும்வரை ஓட்டி, மறுபடி சோக் போட்டு எஞ்சியதையும் தீருங்கள். ஆல்கைலேட் என்றால் தொட்டியில் வைத்திருப்பதே நல்லது. டயாஃப்ரம் காய்ந்து விறைக்காது. நீண்ட காலம் வைப்பதென்றால் பிளக் துளையில் சில துளி ஆயில் விட்டு, மெதுவாக இழுத்துப் பரப்புங்கள். மாதம் ஒரு முறை திறந்த வெளியில் ஓட்டி, ஒரு கட்டையையாவது அறுத்து, பிறகு இதே முறையில் வையுங்கள். மூடிய அறைக்குள் ஒரு நிமிடம்கூட ஓட்ட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

ரம்பத்தோடு என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

தீட்டிய சங்கிலி இரண்டு, பிளக், ரம்பத்துக்குரிய சாவி, உருட்டு அரமும் தட்டை அரமும், ஸ்டார்ட்டர் கயிறு, காற்று வடிகட்டி, பார் நட்டுகள் (இவை புல்லில் விழுந்தால் கிடைக்காது), பிளாஸ்டிக் ஆப்புகள், கலவைப் பெட்ரோல், சங்கிலி எண்ணெய், சிறிய தீயணைப்பான். உலோக ஆப்பு சங்கிலியைக் கெடுக்கும். ஒரு நல்ல கைரம்பமும் வையுங்கள். பார் மரத்துக்குள் சிக்கிக்கொண்டால் விடுவிக்க அதுதான் வழி.

முகத்திரையும் காது மூடியும் உள்ள தலைக்கவசம், கெட்டி முனைக் காலணி, கையுறை, ரம்பத்துக்கான தொடைக் காப்பு ஆகியவை இதே பெட்டியில் இருக்கட்டும். தொடைக் காப்பின் நூல்கள் உருவி வந்து பற்சக்கரத்தில் சுற்றி சங்கிலியை நிறுத்திவிடும். ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்கக் கட்டு, பெட்டியின் மேல்தட்டில் இருக்கட்டும்.

ரம்பம் தயார். ஆனால் விழுந்த மரத்தை வெட்டிய பழக்கம் இல்லை. எங்கே தொடங்குவது?

தரையில் தனியாகக் கிடக்கும், விறைப்பில்லாத கட்டைகளில். மின்கம்பி அருகில் இருந்தால் மின் ஊழியர் வந்து உறுதிசெய்யும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையில் ஒரு பக்கம் நசுங்கியும் மறுபக்கம் இழுபட்டும் இருக்கும். நசுங்கிய பக்கத்தில் முதலில் மேலோட்டமாக ஒரு வெட்டு, பிறகு இழுபட்ட பக்கத்தில் மெதுவாக. வரிசை மாறினால் பார் சிக்கும், அல்லது கிளை விசையுடன் தெறிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்தால் வேர்க்கட்டு திடீரென்று பழைய குழிக்குள் சாயும். அதன் பின்னால் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. மரத்தின்மேல் மரம் சாய்ந்து தொங்கினால் அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. தோளுக்கு மேல் ரம்பத்தைத் தூக்காதீர்கள், தனியாக வேலை செய்யாதீர்கள்.

பேட்டரியில் ஓடும் ரம்பம் வந்துவிட்டதே. இத்தனை பாடு எதற்கு?

பேட்டரி ரம்பம் நல்ல துணை. பொத்தானை அழுத்தினால் ஓடும், பெட்ரோல் கெடும் கவலையில்லை, கிளைகளுக்குப் போதும். மின்சாரம் வரப் பல நாள் ஆகும் நிலையில் சார்ஜ் தீர்ந்தால் அத்தோடு நிற்கும். பருத்த தண்டுகளுக்கு இன்னும் பெட்ரோல் ரம்பத்தின் கை ஓங்கியிருக்கிறது. இரண்டுக்கும் வசதியிருந்தால் இரண்டும். ஒன்றுதான் என்றால், இந்தப் பக்கத்தில் சொன்ன பராமரிப்பை உங்களால் செய்ய முடியுமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்ரோல் ரம்பத்தைவிட, கூடுதல் பேட்டரியுடன் உள்ள சிறிய ரம்பம் பயன்படும்.

பக்கத்து வீட்டார் இரவல் கேட்கிறார். அவசரம்தானே, கொடுக்கலாமா?

ரம்பத்தைக் கொடுக்காதீர்கள், ரம்பத்தோடு நீங்கள் போங்கள். பழைய ரம்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது: சோக்கை எப்போது பாதி விடுவது, பிரேக் எவ்வளவு இறுக்கம், எந்தக் கலவை என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி எஞ்சினைப் பிடிக்கவைப்பது பெரும்பாலும் இரவல் வாங்கியவர்தான். உங்களால் போக முடியாத நிலையில், கைரம்பத்தையும் ஆப்புகளையும் கொடுத்து அனுப்புங்கள். கையளவு கிளைகளை அவற்றாலேயே அகற்றிவிடலாம். பெட்ரோல் டப்பாவின்மேல் கலவை விகிதத்தையும் கலந்த தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் அது உதவும்.